சுவிட்ச் புதுசு என்றால் வயரிங்கும் புதுசா?

நீங்கள் கேட்டது இது. குரோம்பேட்டைப் பக்கம் 1992இல் கட்டிய ஒரு தனி வீட்டை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மாடி பத்து வருடம் கழித்து எழுப்பியது. சிவில் இன்ஜினியர் வந்து சுவர், தளம், தூண் எல்லாம் பார்த்துவிட்டார். வயரிங் பற்றிக் கேட்டால் உரிமையாளர் "எல்லாம் மாத்தியாச்சு சார், சுவிட்சைப் பாருங்க" என்கிறார். அட்வான்ஸ் கொடுக்கும் முன் எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?

வீட்டு வயரிங் வேலையிலேயே இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். சுவிட்சைப் பார்த்து எதுவுமே சொல்ல முடியாது. பழைய மரப் போர்டைக் கழற்றிவிட்டு மாடுலர் பெட்டி வைத்து, புது சுவிட்ச் மாட்டி, பெயின்ட் அடிக்க ஒரு வாரம் போதும். பின்னால் வருவது அதே 1992 வயராக இருக்கும். நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் இந்த வீட்டில் வேலை செய்கிறதா. அது உயிர் சம்பந்தப்பட்டது. இன்னொன்று, சுவருக்குள் போகும் பைப்பில் வயரை உருவிப் புதுசு இழுக்க முடியுமா. அது உங்கள் பணம் சம்பந்தப்பட்டது. மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் அடுத்துத்தான்.

முதலில் அரசு மின் உரிமம் உள்ள ஒரு வயர்மேனையோ காண்ட்ராக்டரையோ அரை நாள் கூலி பேசி அழைத்துப் போங்கள். உரிமையாளருக்கு வழக்கமாக வேலை செய்யும் ஆள் வேண்டாம். தன் வேலையைத் தானே குறை சொல்ல யாருக்கும் மனசு வராது. நீங்களாக எந்தப் பெட்டியையும் கழற்றாதீர்கள். கூட நின்று பாருங்கள், கேள்வி கேளுங்கள், போட்டோ எடுங்கள்.

மெயினை அணைத்துவிட்டு இரண்டு சுவிட்ச் போர்டுகளைத் திறக்கச் சொல்லுங்கள். ஒன்று சமையலறை, இன்னொன்று டிபியிலிருந்து, அதாவது வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் பெட்டியிலிருந்து, ரொம்பத் தள்ளி இருக்கும் படுக்கையறை. வயரின் மேல் தோலில் கம்பெனி பெயர், அளவு, ஐ.எஸ். 694 என்ற இந்தியத் தர எண் அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து தெளிவாக, தோல் மினுமினுப்பாக, வளைத்தால் வளைந்து கொடுத்தால் நல்லது. லேசாக வளைத்ததுமே தோல் வெடித்தால் அந்த வயரின் ஆயுள் முடிந்துவிட்டது, அதில் பேச ஒன்றும் இல்லை. சுவிட்சுக்கு அருகே ஒரு சாண் மட்டும் புது வயர், உள்ளே டேப் சுற்றிய ஜாயின்ட், அதற்கப்புறம் பழசு என்று இருந்தால் உரிமையாளர் சொன்ன "மாத்தியாச்சு" எதுவரைக்கும் என்று தெரிந்துவிடும். நிறத்தையும் கவனியுங்கள். நம் வழக்கத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் மின்சாரம் வரும் ஃபேஸ், கறுப்பு அது திரும்பிப் போகும் நியூட்ரல், பச்சை எர்த். பச்சை வயரில் ஃபேஸ் ஓடுவதைப் பார்த்தால் அந்த வீட்டில் எந்த நிறத்தையும் நம்பி வேலை செய்ய முடியாது. அதுவே மொத்த வயரிங்கையும் மாற்றப் போதுமான காரணம்.

அந்தக் காலத்து வீடுகளில் வயர்மேன் உங்களிடம் "இது 1/18, அது 3/20" என்று சொல்லலாம். முதல் எண் எத்தனை கம்பி, இரண்டாவது அந்தக் கம்பியின் கேஜ், அதாவது பருமனைக் குறிக்கும் எண். 1/18ம் 3/22ம் ஏறக்குறைய 1.2 சதுர மில்லிமீட்டர். 3/20 கிட்டத்தட்ட 2. 7/20 நாலரைக்குப் பக்கம். 1992இல் ஒரு வீட்டில் என்ன இருந்தது? நாலு ஃபேன், டியூப் லைட், ஒரு டிவி, ஃபிரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர். அதற்கு அந்த வயர் தாராளம். இன்று நீங்கள் குடிபோனால் ஒன்றரை டன் ஏசி ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும், இரண்டு கிலோவாட் கீசர் ஒன்பது இழுக்கும், இன்டக்‌ஷன் அடுப்பு இன்னொரு ஒன்பது. காலை ஏழு மணிக்கு இவை சேர்ந்து ஓடும். லைட்டுக்கு ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்), 16 ஆம்பியர் பிளக்குக்கு இரண்டரை, ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனியாக நாலு ஸ்கொயர் என்பதுதான் இப்போதைய நடைமுறை. டிபியில், மின்சாரம் அளவு மீறினால் தானே விழுந்து லைனை அணைக்கும் எம்சிபியின் ஆம்பியர் எண்ணையும் அதில் மாட்டியிருக்கும் வயரின் பருமனையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றரை ஸ்கொயர் வயரில் 32 ஆம்பியர் எம்சிபி இருந்தால், "அடிக்கடி ட்ரிப் ஆகுது" என்று யாரோ புகார் செய்ய, யாரோ பெரிய எம்சிபி போட்டுப் புகாரை நிறுத்தியிருக்கிறார்கள். அந்த எம்சிபி விழும் முன் வயர் வெந்துவிடும். மெலிந்த வயரைவிட எனக்குப் பயம் தருவது இதுதான்.

வீடு இன்னும் பழசாக, எழுபதுகளிலோ அதற்கு முன்போ கட்டியதாக இருந்தால் அலுமினிய வயர் இருக்கலாம். கம்பி வெள்ளையாகத் தெரிந்ததுமே அலுமினியம் என்று முடிவு செய்ய வேண்டாம். அந்தக் காலத்து ரப்பர் உறை போட்ட செம்பு வயருக்கு வெள்ளீயம் பூசியிருப்பார்கள், அதுவும் வெள்ளையாகத்தான் தெரியும். பிளேடால் ஒரு கீறல் போட்டால் உள்ளே சிவப்பா வெள்ளையா என்று தெரிந்துவிடும். அலுமினியம் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கும். மேலே ஆக்சைடு படியும். ஜாயின்ட் தளர்ந்து சூடாகும். அலுமினியமோ, மரச் சட்டத்தின் மேல் கிளிப் அடித்து ஓட்டிய பேட்டன் வயரிங்கோ இருந்தால் முழுதாக மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

பைப் விஷயத்துக்கு வருகிறேன். 1992 வீடு என்றால் பெரும்பாலும் சுவருக்குள் பதித்த பிவிசி பைப்பாக இருக்கும். பைப் நன்றாக இருந்தால் சுவரை உடைக்காமல் பழைய வயரின் வாலில் புது வயரைக் கட்டி இழுத்துவிடலாம். நசுங்கியோ, சிமென்ட் பால் இறங்கி அடைத்தோ இருந்தால் சுவரைக் காடி வெட்டி, பூசி, மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். கூரைத் தளத்துக்குள் போகும் பைப் அடைத்திருந்தால் வெட்டவும் முடியாது, வெளியே கேசிங் என்ற பிளாஸ்டிக் பட்டியில் வயரை ஓட்ட வேண்டியதுதான். செலவு பல மடங்கு மாறும் இடம் இது. சோதிப்பது எளிது. ஒரு போர்டில் ஒரு வயரின் இணைப்பைக் கழற்றி ஒருவர் லேசாக இழுக்கட்டும். அடுத்த ஜங்ஷன் பாக்ஸில் இன்னொருவர் அந்த வயர் அசைகிறதா என்று பார்க்கட்டும். அசைந்தால் உயிருள்ள பைப். மூன்று நான்கு இடத்தில் இதைச் செய்துவிட்டால் மொத்த வீட்டுக்கும் ஓரளவு கணக்கு வந்துவிடும். வெளியிலிருந்து வருபவர்களில் இதைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு, ஆனால் பேரம் பேச இதைவிட உறுதியான விஷயம் கிடைக்காது.

இனி எர்த். மூன்று துளை பிளக் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. பெரிய துளைக்குப் பின்னால் வயரே இல்லாத பிளக்குகளை நான் வாராவாரம் பார்க்கிறேன். வீட்டைச் சுற்றி நடந்து எர்த் குழி எங்கே என்று கேளுங்கள். இரண்டரை மீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை இறக்கி, கரியும் உப்பும் போட்டு, மேலே ஒரு சின்னத் தொட்டி கட்டியிருப்பார்கள். பல வீடுகளில் பிறகு கார் நிறுத்த டைல்ஸ் போட்டபோது அது அடியில் போய்விட்டிருக்கும். குழியிலிருந்து மேலே வரும் கம்பி துருப்பிடித்து, தொட்டாலே உதிரும் நிலையில் இருப்பதும் சாதாரணம். கடலோரத்தில், திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் என்றால் இந்தக் கம்பியை இன்னும் கூர்ந்து பாருங்கள்.

குழி நன்றாக இருந்தாலும் அது மட்டும் போதாது என்பதை ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கீசரின் உள்ளே ஃபேஸ் வயர் தளர்ந்து அதன் இரும்பு உடம்பில் பட்டுவிட்டது. மின்சாரம் உங்கள் எர்த் குழி வழியாக மண்ணுக்குள் இறங்கி, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் வழியாகத் திரும்ப வேண்டும். உங்கள் குழியின் தடை 5 ஓம், டிரான்ஸ்ஃபார்மருடையது 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230ஐ 6ஆல் வகுத்தால் 38 ஆம்பியர். 16 ஆம்பியர் சி வகை எம்சிபி உடனே விழ வேண்டுமானால் 80இலிருந்து 160 ஆம்பியர் வரை பாய வேண்டும். 38இல் அது சூடாகி விழச் சில விநாடிகளிலிருந்து ஒரு நிமிடம் வரை ஆகலாம். அதுவரை கீசரின் உடம்பில் நிற்பது 190 வோல்ட்டுக்கு மேல். சித்திரை வெயிலில் குழி காய்ந்து 20 ஓம் ஆகிவிட்டால் பாய்வது 11 ஆம்பியர்தான். அந்த எம்சிபி விழவே விழாது. குளியலறையில் ஈரக் காலோடு நிற்பவருக்கு இது என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் ஆர்சிசிபி என்ற கருவி வேண்டும். போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் அதிகபட்சம் 0.3 விநாடிக்குள் வெட்டிவிடும். குழி சுமாராக இருந்தாலும் இது காப்பாற்றும். டிபியில் இரண்டு எம்சிபி அல்லது நான்கு எம்சிபி அகலத்தில், 'T' என்று எழுதிய சின்ன பொத்தான் வைத்த கருவி இருக்கிறதா, அதில் 30 மில்லி ஆம்பியர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். 100, 300 என்று இருந்தால் அது தீ விபத்தைத் தடுக்க உதவும், ஆளைக் காப்பாற்றாது. பொத்தானை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். அழுத்தியும் விழாத ஆர்சிசிபி வெறும் அலங்காரம். விழுந்தாலும், கருவி வேலை செய்கிறது என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். எர்த் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. அந்தப் பொத்தான் எர்த்தைத் தொடுவதே இல்லை.

இன்னொன்று, ஆர்சிசிபியை அணைத்துவிட்டு வீட்டில் எதெல்லாம் இன்னும் எரிகிறது என்று பாருங்கள். "மழை வந்தா ட்ரிப் ஆகுது" என்று சொல்லி அதைச் சுற்றி நேர் வயர் போட்டிருப்பார்கள். இன்வெர்ட்டர் வைத்த வீடுகளில் இது ரொம்ப அதிகம். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் எங்கோ கலந்துவிட்டால் ஆர்சிசிபி சும்மா சும்மா விழும். கலந்த இடத்தைத் தேட நேரமாகும் என்பதால் ஆர்சிசிபியையே கழற்றிவிடுகிறார்கள். இன்வெர்ட்டரிலிருந்து போகும் லைனுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள், பெரும்பாலும் இருக்காது.

பிளக்கில் மல்ட்டிமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட் வந்தால் சரி. நியூட்ரல்–எர்த் இடையே 40, 60 என்று வந்தால் எர்த் வயர் எங்கோ அந்தரத்தில் தொங்குகிறது. கீசர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஓடும்போதும் அசையாமல் பூஜ்யம் காட்டினால் சந்தேகப்படுங்கள், பிளக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத வீட்டில் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் லூப் பண்ணிவிடும் வழக்கம் இருக்கிறது. மீட்டரில் எல்லாம் அழகாகத் தெரியும். ஆனால் என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்பிலும் முழு 230 வோல்ட் வந்து நிற்கும். எர்த்தே இல்லாமல் இருப்பதைவிட மோசமானது அது.

சில வயர்மேன்கள் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் குறுக்கே ஒரு குண்டு பல்பு வைத்து எரிகிறதா என்று பார்ப்பார்கள். எல்ஈடி பல்பு இதற்கு உதவாது, மோசமான எர்த்திலும் அது எரியும். 100 வாட் இழை பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் எர்த் ஓரளவு பரவாயில்லை. ஆர்சிசிபி இருந்தால் பல்பு எரியும் முன் அது விழும், அதுவும் நல்ல செய்திதான். ஆனால் எர்த் அறுந்த வீட்டில் இந்தச் சோதனை செய்தால் அந்த நேரத்துக்கு எல்லா மெஷின் உடம்புக்கும் மின்சாரம் போகும். வீட்டில் யாரும் எதையும் தொடாமல் இருப்பதை உறுதி செய்யாமல் இதைச் செய்ய விடாதீர்கள். எர்த் டெஸ்டர் வைத்திருப்பவர் கிடைத்தால் குழியை ஓமிலேயே அளந்துவிடலாம், அது மேல்.

கட்டை ஃபியூஸ் இன்னும் இருக்கிறதா? ஃபேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என்று இரண்டு பீங்கான் கட்டை இருந்தால் நியூட்ரலில் இருப்பதை எடுத்துவிட்டு இணைப்புத் தகடு போட வேண்டும். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் லைட் எரியாது, ஆனால் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். கரண்ட் இல்லை என்று நினைத்துக் கை வைப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். சுவிட்சை நியூட்ரலில் போட்டிருக்கும் வீடுகளிலும் இதே ஆபத்துத்தான். அணைத்த பிறகும் எல்ஈடி பல்பு மங்கலாக மினுக்கினால் அந்த சுவிட்சை டெஸ்டர் வைத்துப் பாருங்கள். மூன்று ஃபேஸ் இணைப்பு என்றால் மெயினில் நியூட்ரல் முனை கறுத்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அது தளர்ந்தால் ஒரு ஃபேஸில் 100 வோல்ட்டும் இன்னொன்றில் 300க்கு மேலும் போய் டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நாளில் போகும்.

அடுத்தது லோடு கொடுத்துப் பார்ப்பது. தூரத்து அறை பிளக்கில் 2 கிலோவாட் ஹீட்டரைப் போட்டு, போடும் முன்னும் பின்னும் அங்கேயும் டிபியிலும் வோல்ட்டேஜ் அளக்கச் சொல்லுங்கள். 20 மீட்டர் தூரத்துக்கு ஒன்றரை ஸ்கொயர் செம்பு வயரில் ஏறக்குறைய 4 வோல்ட்தான் இறங்க வேண்டும். டிபியில் மாறாமல் இங்கே மட்டும் 12, 15 இறங்கினால் வயர் ரொம்ப மெலிசு அல்லது நடுவே ஒரு ஜாயின்ட் கெட்டிருக்கிறது. அரை மணி நேரம் ஓடவிட்டு, பிளக் முகத்தையும் எம்சிபியின் முன்பக்கத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, மீன் வாடை போன்ற ஒரு கருகல் நாற்றம், பிளக் துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம், இவற்றில் எது இருந்தாலும் அந்த லைனை மாற்றியே ஆக வேண்டும்.

உங்கள் வீட்டில் நான் ரொம்பக் கவனிப்பது மாடியைத்தான். பிறகு எழுப்பிய மாடிக்குப் பெரும்பாலும் கீழ்த்தளத்து ஏதோ ஒரு போர்டிலிருந்து இரண்டு வயரை இழுத்துவிட்டிருப்பார்கள், எர்த் இல்லாமல். கீழ் டிபியில் எம்சிபிகளை ஒவ்வொன்றாக அணைத்து மாடியில் எது அணைகிறது என்று பாருங்கள். ஒரே ஒரு லைட் எம்சிபியை அணைத்ததும் மாடி முழுக்க இருட்டானால் விடை கிடைத்துவிட்டது. மாடிக்கு மெயினிலிருந்தே தனி லைனும் தனி டிபியும் எர்த்தும் போட வேண்டும்.

இன்சுலேஷனை, அதாவது வயர் தோலின் காப்பை, 500 வோல்ட் மெகர் என்ற மீட்டர் வைத்து அளக்கலாம். ஆள் குடியிருக்கும் வீட்டில் எல்லாப் பொருளையும் கழற்ற உரிமையாளர் சம்மதிக்க மாட்டார். அதனால் மெயினை அணைத்துவிட்டு, ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகக் கட்டி எர்த்துக்கு எதிராக அளந்தால் போதும், பொருட்களும் கெடாது. நல்ல பிவிசி வயர் பத்து, நூறு மெகோம் (ஒரு மெகோம் பத்து லட்சம் ஓம்) என்று காட்டும். ஒன்றுக்குக் கீழே போனால் எங்கோ ஈரமோ கசிவோ இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அளந்தால் வீட்டின் உண்மை நிலை தெரியும். பங்குனியில் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ மீட்டர் போர்டு மூழ்கியதா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். கீழ்ப் பிளக் பெட்டிகளுக்குள் காய்ந்த சேறு ஒட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

கடைசியாக ஈபி, அதாவது மின்வாரிய விஷயம். சர்வீஸ் நம்பரை வாங்கி யார் பெயரில் இருக்கிறது, எந்தக் கட்டண வகை, அனுமதித்த லோடு எவ்வளவு, பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். முன் உரிமையாளர் வைத்த பாக்கி நம்மைச் சேராது என்று பலர் நினைக்கிறார்கள். விதிகளில் இடமிருந்தால் புது உரிமையாளரிடமும் அதை வசூலிக்கலாம் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம், கேரள மின்வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில் சொல்லிவிட்டது. மீட்டர் சீல் உடைந்திருந்தாலோ, மீட்டருக்கு முன்னாலேயே ஒரு வயர் பிரிந்து போனாலோ அதைச் சரிசெய்து எழுத்தில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். மொட்டை மாடியில் நின்று மேலே, பக்கத்தில் போகும் லைனையும் பாருங்கள். 11 கேவி (11,000 வோல்ட்) லைன் என்றால் நேர் மேலே 3.7 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும்.

இதெல்லாம் பார்த்து வயரிங் முழுக்கப் போய்விட்டது என்று தெரிந்தாலும் அதற்காக வீட்டை விட்டுவிட வேண்டாம். இடமும் பத்திரமும் சுவரும் நன்றாக இருந்து, பைப்பும் உயிரோடு இருந்தால் தைரியமாக வாங்கலாம். குடிபோகும் முன் காலி வீட்டில் முழு வயரிங்கையும் மாற்றி, புது எர்த் குழியும் ஆர்சிசிபியும் போட்டுக்கொள்ளுங்கள். வயர்மேனிடம் எந்தெந்த லைன், எத்தனை பாயிண்ட், என்ன செலவு என்று ஒரு தாளில் எழுதி வாங்கி, அக்ரிமென்ட் போடும் முன் உரிமையாளர் முன்னால் வையுங்கள். போர்டைத் திறந்து பார்க்கவே விட மாட்டேன் என்று அவர் சொன்னால், எதுவும் மாற்றவில்லை என்று எடுத்துக்கொண்டு, முழு வயரிங் செலவையும் விலையில் குறைத்துக் கேளுங்கள்.